வாதி வாபஸ் வாங்கிய பிறகும் நடக்கும் வழக்கு



கம்பனில் குறையே சொல்ல முடியாத பாத்திரம் எது என்று கேட்டால், பாதிப் பேராவது பரதன் என்பார்கள். கைக்கு வந்த அரசை வேண்டாம் என்றவன். அண்ணன் பாதுகையைத் தலையில் சுமந்தவன். பதினான்கு ஆண்டு நந்தியம்பதியில் தவக்கோலத்தில் இருந்தவன். பட்டிமண்டபத்திலும் அவன் வராமல் இல்லை. 'சிறந்த தம்பி யார்' என்ற தலைப்பில் வருவான், பெரும்பாலும் முதல் பரிசோடு போவான். ஆனால் அவன் செய்தது சரியா தப்பா என்று எந்த ஊரிலாவது இரண்டு கட்சி கட்டிக்கொண்டு தொண்டை வற்றப் பேசியதுண்டா? பரதனைக் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாலி என்று சொல்லிப் பாருங்கள், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

காரைக்குடியில் 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்று முதல் கம்பன் மேடைகளில் பேச்சாளர்கள் மாறியிருக்கிறார்கள், நடுவர்கள் மாறியிருக்கிறார்கள். வாலி வழக்கு மட்டும் இன்னும் வாய்தாவிலேயே இருக்கிறது.

அதற்குக் காரணம் வாலி இல்லை, கம்பன்தான். தம்பி சுக்கிரீவன் மறுபடி போருக்கு அழைக்கும்போது, அவனுக்குத் துணையாக இராமன் வந்திருக்கிறான், போகாதே என்று வாலியின் மனைவி தாரை தடுக்கிறாள். வாலி அவளைத்தான் கடிந்துகொள்கிறான். தம்பிக்கு அரசைக் கொடுத்துவிட்டு வந்தவன், அண்ணன் தம்பி சண்டைக்கு நடுவில் வந்து அம்பு விடுவானா என்பது அவன் வாதம். இராமனை அவ்வளவு உயர்வாக மதித்தவன் மார்பில்தான் அம்பு பாய்கிறது. எய்தவன் யார் என்று அவனுக்குத் தெரியாது. பாய்ந்த அம்பை இறுகப் பிடித்துப் பார்க்கிறான், அதில் இராமன் பெயர் இருக்கிறது. வில்லன் ஒருவன் சாகிற காட்சியை இப்படியா எழுதுவார்கள்?

அதன் பிறகு நடப்பது முழு விசாரணை. தம்பி மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்று இராமன் சொல்கிறான். விலங்குக்கு ஏது மனித நீதி என்று வானரனான வாலி கேட்கிறான். நல்லது கெட்டது தெரிந்தவனுக்கு விலங்கு என்ற சாக்கு செல்லாது என்று அதற்கும் இராமன் விடை தருகிறான். கடைசியில் வாலி கேட்கிறான்: சரி, மறைந்து நின்று எய்தது ஏன்? இந்த இடத்தில் இராமன் பேசவில்லை. பதில் சொல்வது இலக்குவன். நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடக்கூடும் என்பது அவன் தரும் காரணம்.

கட்சிக்காரன் எதிரே இருக்க, வக்கீல் பதில் சொல்கிறான். எண்ணூறு ஆண்டுக்கு மேலாகச் சண்டை நடப்பது இந்த ஓர் இடத்தில்தான். இராமன் கட்சிக்கு இலக்குவனின் விளக்கம் போதும், வாலி கட்சிக்கு இராமனின் மௌனம் போதும். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் எடுத்துக் கொடுத்தவன் ஒரே கவிஞன்.

இதைவிட வேடிக்கை, வாதியே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டான். சாகும் நேரத்தில் வாலி இராமனை ஏற்றுக்கொள்கிறான், மகன் அங்கதனை ஒப்படைக்கிறான். கள் குடித்துத் தம்பி தவறு செய்தால் என் மேல் விட்ட அம்பை அவன் மேல் விட்டுவிடாதே என்கிறான். அண்ணனைக் கொல்லவைத்தவன் என்று உன் தம்பிகள் என் தம்பியை ஏசினால் தடுத்துவிடு என்றும் கேட்டுக்கொள்கிறான். தன்னைக் கொல்லவைத்த தம்பிக்கு இப்படி வரம் கேட்டவனை யார் விடுவார்கள்? வாலி மன்னித்துவிட்டான், வாலியின் ரசிகர்கள் மன்னிக்கவில்லை.

நல்லவனா கெட்டவனா என்று குழப்புகிற பாத்திரம்தான் விவாதத்துக்கு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. கெட்டவனுக்குக் கொஞ்சம் நல்ல குணத்தைத் தூவிவிட்டால் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். பாத்திரத்தின் வாயில் படைப்பாளி ஒரு நியாயமான கேள்வியை வைக்க வேண்டும், அதற்கு முழு விடை சொல்லாமல் நகர வேண்டும். 1987-இல் வந்த 'நாயகன்' படத்தில் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கர் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார். அவர் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்தப் படத்தைப் பற்றி இன்று பேச்சு இருக்காது.

கம்பனில் வாலிக்கு மட்டுமல்ல, இராவணனுக்கும் வழக்கு உண்டு. அது மேடையோடு நிற்கவில்லை. 1943-இல் அண்ணா இரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணத்தை வைத்து நேருக்கு நேர் வாதிட்டார். 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணனுக்கு மறுவிசாரணையே நடத்தினார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1948-இல் தடை செய்யப்பட்டது, 1971-இல்தான் தடை நீங்கியது. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக அரசாணை போட்ட நாடு இது!

சரி, நாவலுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னுக்குப் பெயர் கொடுத்தவர் அருள்மொழிவர்மர். வீரம், அடக்கம், தியாகம், எதிலும் குறையில்லை. அதனாலேயே அவரைப் பற்றிச் சண்டை வருவதில்லை. சண்டை எல்லாம் நந்தினியைப் பற்றித்தான். காயம்பட்டுக் கிடந்த பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் உயிருக்கு அவள் மன்றாடினாள், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கேட்கவில்லை, தலையைக் கொய்தான். அந்த ஒரு காட்சி போதும், அவளுக்காக வாதாட ஆள் சேர்ந்துவிட்டது. அவளை மணந்து நம்பிய பெரிய பழுவேட்டரையரைப் படித்துவிட்டுச் சிலர் எதிர்த் தரப்புக்குப் போய்விடுகிறார்கள். அவள் பிறப்பு மர்மத்தில் கல்கி போட்ட முடிச்சை அவிழ்க்கிறேன் என்று புறப்பட்டுப் பின்னும் சிக்கலாக்கியவர்கள் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார்கள்.

இதில் விந்தை ஒன்று. நாவலில் வரும் கரிகாலன் கொலை உண்மையாகவே நடந்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரையே சொல்கிறது. பின்னணியில் உத்தம சோழன் இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வரலாற்றில் இவ்வளவு சான்று இருக்கிறது. நந்தினியோ கல்கி படைத்தவள், எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் கரிகாலன் விழுந்த அந்த இரவு கடம்பூர் மாளிகையில் கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்று கேட்டால், வாசகர் கல்வெட்டைப் பார்ப்பதில்லை, நந்தினியைத்தான் பார்க்கிறார். நாவலுக்குள் பழுவேட்டரையரும் நான்தான் என்கிறார், மணிமேகலையும் நான்தான் என்கிறாள், பழியோ வந்தியத்தேவன் மேல் விழுகிறது. இத்தனை ஒப்புதல் வாக்குமூலம் இருந்தும் தீர்ப்பு இல்லாத வழக்கைத் தமிழ் வாசகன் விடுவானா?

இந்த வழக்குகள் ஓயாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நம் வீட்டுக்குள் இருக்கிறது. வாலி வழக்கு அண்ணன் தம்பி வழக்கு. கர்ணன் வழக்கு செய்நன்றி வழக்கு. 1964-இல் பந்துலு எடுத்த 'கர்ணன்' டிஜிட்டலில் 2012-இல் திரும்ப வந்தபோது, கதை முடிவு தெரிந்தே கூட்டம் வந்தது. வேலை கொடுத்த முதலாளி தப்பு செய்கிறார், கூட நிற்பதா விலகுவதா என்று தவிக்காத ஆள் எந்த ஊரில் இருக்கிறார்?

வீட்டு வழக்கில் உச்சம் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருவன் காரில் ஏறுகிறாள், கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். தாய் மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. வாசகர்கள் கொதித்தார்கள். அந்தப் பெண்ணையும் காரில் வந்தவனையும் விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிய தாயைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். தங்கள் வீட்டில் நடந்தால் என்ன செய்வோம் என்ற பயம் அந்தக் கோபத்தில் பாதி.

ஜெயகாந்தன் அதோடு விட்டுவிடவில்லை. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே பெண்ணை, அதே மழையில், வேறொரு தாயிடம் அனுப்பினார். இந்தத் தாய் அலறிவிடுகிறாள். செய்தி அண்ணன் காதுக்குப் போகிறது, கங்கா என்ற அந்தப் பெண் வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள். நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை ஒரு பத்திரிகையில் வருகிறது, கங்கா அதைப் படிக்கிறாள். நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. படமாக வந்தபோது அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. முதல் தாயைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தாயைப் பார்த்த பிறகு மௌனமானார்களோ!

ஆகவே விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாலிக்கும் கர்ணனுக்கும் ஓராண்டு விடுமுறை கொடுங்கள். அடுத்த பட்டிமண்டபத்தில் அந்த இரண்டு தாய்மாரையும் கூண்டில் ஏற்றுங்கள். இரண்டு அணியிலும் பெண்பிள்ளை பெற்றவர்களைப் பேசவிடுங்கள். நடுவராக வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இரண்டு தரப்பும் வென்றது என்று சொல்லிச் சால்வையோடு நழுவுவது இந்தத் தடவை கிடையாது.