எவர்சில்வர் அண்டாவில் துரு ஏன்?



எங்கள் தோட்டத்துக் கோயில் அன்னதானத்திற்கென்று பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று வாங்கினோம். தூக்குவதற்கு வசதியாக இரண்டு பிடிகளை ஒரு பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவந்தோம். ஐந்தாறு மாதங்களில் பிடிகளின் ஓரத்தில் துரு கண்டது. ஒருவர் காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். அடிப்பாகத்தில் ஒட்டவில்லை, மடித்த விளிம்பில் இலேசாக ஒட்டியது. அவ்வளவுதான்! மட்டமான சரக்கை வாங்கி மீதிப் பணத்தைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார் என்ற பேச்சுக் கிளம்பியது. அவர் கோயில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பழி நியாயமானதுதானா? இதற்கு விடை காண, அந்த உலோகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் அறிய வேண்டும்.

எவர்சில்வர் என்பது வெள்ளி அன்று, இரும்புதான். அந்த இரும்பில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் கலந்திருக்கும். நல்ல சமையல் பாத்திரங்களில் பெரும்பாலும் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடையாக மேலே படிகிறது. காய்ச்சிய பாலில் ஆடையை எடுத்தால் மறுபடி ஆடை படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, கீறல் விழுந்தாலும் இந்த ஆடை தானே மீண்டும் உண்டாகும். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ல் இத்தகைய எஃகை உருவாக்கினார்.

நமது ஜொகூரிலேயே, பாசிர் கூடாங்கில், எவர்சில்வர் தகடு உருட்டும் பெரிய ஆலை ஒன்றை ஸ்பெயின் நாட்டு அசெரினாக்ஸ் நிறுவனம் அமைத்தது. 2024-ல் அந்நிறுவனம் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இத்தகைய ஆலைகளில் தகட்டைச் சூடுபடுத்தாமலே உருளைகளுக்கு இடையே அழுத்தி மெலிதாக்குவார்கள். பெரட்டுக் களத்தில் ஒழுங்காக வரிசை பிடித்து நிற்பவர்களை இரு பக்கமும் நெருக்கினால் வரிசை கலைந்துவிடும் அல்லவா? உலோகத்தின் அணுக்களும் அப்படித்தான். அழுத்தும்போது அவற்றில் ஒரு பகுதி வேறு அமைப்புக்கு மாறுகிறது. அந்தப் புதிய அமைப்புக்கு மார்டென்சைட் என்று பெயர். அது கடினமானது, காந்தத்தை ஈர்க்கும். தகட்டை ஏறத்தாழ 1050 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி விரைவாகக் குளிர்வித்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

ஆனால், அந்தத் தகட்டைப் பட்டறையில் அண்டாவாக வளைத்து மடிக்கும்போது, மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடியும் மார்டென்சைட் தோன்றுகிறது. விளிம்பில் காந்தம் ஒட்டியதன் காரணம் இதுதான். இதற்கும் சரக்கின் தரத்திற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் துரு எங்கிருந்து வந்தது? பற்றவைத்த சூட்டிலிருந்து வந்தது. பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் படியும். அந்தப் படிவு குரோமியத்தை உறிஞ்சிக்கொள்வதால், அதன் அடியிலுள்ள உலோகத்தில் குரோமியம் குறைந்துபோகிறது. மேலும், 450 முதல் 850 பாகை வரையிலான சூட்டில் எஃகு அதிக நேரம் இருந்தால், அதிலுள்ள கரி குரோமியத்தோடு சேர்ந்து படிக மணிகளின் எல்லையில் ஒதுங்கிவிடும். காவல் குறைந்த அந்த எல்லை வழியாகத் துரு நுழையும். எங்கள் அண்டாவில் அந்த நிறப் படிவை நீக்காமலே கொடுத்திருந்தார்கள்.

பாசிர் கூடாங்கில் பற்றவைக்கும் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது பார்த்தார். அந்த இடத்தைத் தேய்த்து, அமிலப் பசை பூசி, நன்றாகக் கழுவிக் கொடுத்தார். அதன்பின் இரண்டு திருவிழாக்கள் கடந்துவிட்டன, துரு வரவில்லை. அந்த அமிலம் மிகவும் ஆபத்தானது. பழகியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

தாய்மார்கள் வீட்டில் செய்யக்கூடியவை வேறு. குளிர்ந்த நீரில் உப்பைப் போட்டு அடியில் தங்கவிடாதீர்கள். நீர் கொதித்தபின் போட்டுக் கலக்குங்கள். உப்புக் குழம்பை இரவு முழுவதும் பாத்திரத்தில் வைக்காதீர்கள். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். துணி வெளுக்கும் குளோரின் நீரில் பாத்திரத்தை ஊறவைக்காதீர்கள்.

நேயர்களே, நாங்கள் சிலர் பொருளாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் கொடுத்தார். அடுத்த பூசைக்கும் வந்தார். ஆனால் கணக்குப் புத்தகத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உலோகத்தில் போன காவலை அமிலமும் காற்றும் மீட்டுக் கொடுத்துவிடும். மனிதர் மீது பழி சொல்லும் முன்னர், நாம்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.