இரு கணக்கப்பிள்ளைகளும் ஒரு பேரேடும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலே, செட்டியார் தெருவுக்கு அண்மையில், ஓர் அரிசி மொத்த வியாபாரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 40 மூடை. முன்மேசைக் கணக்கப்பிள்ளை மூன்று மூடை விற்கிறார். அதே கணத்தில் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை ஐந்து மூடையை வெளியே அனுப்புகிறார். இருவரும் 40 என்ற தொகையைப் பார்த்தே கழிக்கின்றனர். ஒருவர் 37 என்று பதிய, மற்றவர் அதனை மாற்றி 35 என்று பதிகிறார். மெய்யாக எஞ்சியவை 32. மூன்று மூடை விற்ற செய்தி கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. எவரும் திருடவில்லை, எவரும் பொய் எழுதவுமில்லை. ஆயினும், மாத முடிவில் பழி ஓர் ஏழைச் சிப்பந்தியின் தலையில் விழக்கூடும்.

பழைய பேரேட்டில் இவ்விபத்து அரிது. ஏடு ஒருவர் கையிலேதான் இருக்கும். இன்றோ அக்கணக்கு கணினியில் இருக்கிறது. விற்பனைக்கு ஒன்றும் கிட்டங்கிக்கு ஒன்றுமாகப் பைதன் மொழியில் எழுதிய இரு நிரல்கள் அதனைக் கையாளுகின்றன. அம்மொழியோடு 2006ஆம் ஆண்டு முதல் இணைந்து வரும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத் துணைக்கருவி, முழுக் கணக்கையும் ஒரே கோப்பில் அடக்குவது. பல நிரல்கள் அதனை ஒருங்கே வாசிக்கலாம். எழுதுவது ஒரு வேளையில் ஒன்று மட்டுமே. மற்றது வழக்கமாக ஐந்து விநாடி காத்திருக்கும். அதற்குள் முறை வராவிடின், தளம் பூட்டப்பட்டுள்ளது என்று அறிவித்து நின்றுவிடும்.

இவ்வறிவிப்பைக் கண்டு சினந்து, காத்திருப்பை 30 விநாடியாக்கி நிம்மதியடைவோர் உளர். அறிவித்து நிற்கும் நிரலால் கேடில்லை. அறிவியாமல் தவறுவதே கேடு. பைதனின் வழக்கமான முறையில், எழுதத் தொடங்கும்போதுதான் எழுத்துப் பூட்டு விழுகிறது. இரு நிரல்களும் 40ஐ வாசித்ததோ அதற்கு முன்னரே. காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும் முடிவில் பதிவது 35 தான்.

ஆதலால், "கையிருப்பை 37 ஆக்கு" என்று ஆணையிடாமல், "கையிருப்பில் மூன்றைக் கழி" என்று ஒரே கட்டளையாக இடுவதே முறை. கையிருப்பு போதுமா எனப் பார்த்தே விற்க வேண்டுமாயின், வாசிக்கும் முன்பே "பிகின் இமீடியட்" என்ற கட்டளையால் பூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பூட்டை உடனே விடுவதும் அவசியம். வாடிக்கையாளர் பணம் எண்ணி முடிக்கும்வரை வைத்திருத்தல் ஆகாது.

எஸ்கியூலைட்டில் 2010இல் வந்த "வால்" முறை, எழுதும் வேளையிலும் பிறரை வாசிக்க விடுகிறது. எனினும் எழுதுவோர் ஒருவரே. கிட்டங்கி வேறு தெருவில், வேறு கணினியோடு இருக்குமாயின், கோப்பை வலையமைப்பில் பகிர்ந்து வைத்தல் நம்பத்தக்கதன்று. அங்கே போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளச் சேவையகத்தை நாடுதலே நன்று. ஆனால் அங்கும், வாசித்து, கழித்து, மேலெழுதும் பழைய பழக்கத்தோடு சென்றால், அந்த மூன்று மூடைகள் மறுபடியும் மறையக்கூடும்.