திரும்பும் வழி



முன்னேறுவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் பல உள. முன்வைத்த காலைப் பின்வாங்குவது எப்படி என்று கற்பிப்போர் சிலரே. அதனை ஆராயாமையால் 2012ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இலட்சக்கணக்கான மக்கள் உற்ற துன்பத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகளை மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணிப்பொறிகள் பேணுகின்றன. பகலில் குறித்துவைக்கப்படும் வரவு, செலவு, சம்பளம், கடன் தவணை முதலியன இரவில் மொத்தமாகக் கணக்கில் ஏற்றப்படுகின்றன. இந்த இரவுப்பணி எண்ணற்ற சிறு வேலைகளாகப் பிரிந்து நிற்பது. வரவைப் பதிந்த பின்னரே இருப்பைக் காணலாம். இருப்பைக் கண்ட பின்னரே வட்டியைக் கணக்கிடலாம். இவ்வரிசை பிறழாமல், ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததற்கு ஆணையிடுவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. பள்ளிக்கூடத்து மணியையும் கால அட்டவணையையும் ஒன்றாகச் சேர்த்தாற்போன்றது அது. அது தானாக ஒரு காசையும் எண்ணுவதில்லை. எனினும் அது தடுமாறினால் எண்ணுகின்ற யாவும் தடுமாறும்.

நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கி ஆகியவற்றை உள்ளடக்கியிருந்த ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், 2012 ஜூன் 17 அன்று இம்மென்பொருளின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. சிக்கல்கள் தோன்றின. புதியதை அகற்றிப் பழையதற்கே திரும்புவதென்று பொறுப்பாளர் முடிவு செய்தனர். முடிவு இயல்பானதே. ஆயினும், அகற்றினால் என்ன விளையும் என்பதை அவர்கள் முன்னதாகச் சோதித்துப் பார்த்தாரில்லை. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரவுப்பணி தடைப்பட்டது, முடியாத வேலைகள் நாள்தோறும் குவிந்தன.

நேற்றுவரை நன்றாக நடந்த பழையது இன்று ஏன் நடவாது என்று நீங்கள் கேட்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு திங்கட்கிழமை புதிய கால அட்டவணையை நடைமுறைக்குக் கொணர்ந்தேன். குழப்பம் கண்டு, நண்பகலில் பழைய அட்டவணைக்கே திரும்புமாறு சுற்றறிக்கை விடுத்தேன். பிற்பகலில் ஒரு வகுப்புக்குக் கணக்குப் பாடம் இரண்டாம் முறையாக வந்தது. மற்றொரு வகுப்புக்கு அன்று தமிழே இல்லாமற்போயிற்று. பழைய அட்டவணையில் பிழையில்லை. காலையில் புதியதன்படி நடந்துவிட்ட பாடவேளைகளை அது அறியாது, அவ்வளவே.

கணிப்பொறியிலும் இவ்வாறு நேரக்கூடும். எந்த வேலை முடிந்தது, எது காத்திருக்கிறது என்னும் குறிப்பைப் புதிய பதிப்பு தன் முறையில் எழுதி வைத்திருக்கும். பழையது அதனைப் படிக்க இயலாதாயின், முடிந்ததை மீண்டும் தொடங்கலாம், முடியாததை விட்டுவிடலாம்.

என் பிழையால் ஒரு பிற்பகல் வீணாயிற்று. அங்கோ, பிரிட்டனில் மட்டும் 65 இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் பாதிக்கப்பட்டனர். கணக்கில் உள்ள பணத்தின் சரியான அளவைப் பலரால் அறிய இயலவில்லை. வீட்டுக்கடன் தவணையை உரிய நாளில் செலுத்த முடியாதவர்கள் இருந்தனர். அயல்நாட்டில் கையில் காசின்றி நின்றவர்களும் இருந்தனர். சில நிறுவனங்களால் ஊழியர்க்குச் சம்பளம் வழங்க முடியவில்லை. அல்ஸ்டர் வங்கியின் தொல்லை ஜூலை மாதத்திலும் நீடித்தது. 2014 நவம்பரில் பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 இலட்சம் பவுன் தண்டம் விதித்தன. அயர்லாந்தின் மத்திய வங்கி அல்ஸ்டர் வங்கிக்கு 35 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

மாணவர்களே, திரும்புதல் இழிவன்று. தவறென்று கண்டும் பிடிவாதமாக மேற்செல்வதே இழிவு. ஆனால் திரும்புதலும் ஒரு செயலே. அதற்கும் ஆயத்தம் வேண்டும். புதியதை ஏற்குமுன் பழையதன் படியைக் காத்து வைக்க வேண்டும். அதற்கு மீளும் வழியை வேறோர் இடத்தில் நடத்திப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றுக்குக் குறிப்பு இருக்க வேண்டும்.

நாளை உங்களுள் சிலர் இத்தகைய பொறிகளை ஆளப்போகிறீர்கள். ஒரு விசையைத் தொடுமுன், அதன் மறுமுனையில் சம்பளத்தை எதிர்நோக்கி நிற்கும் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நினைவு இருந்தால், சோதித்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது.