கோதுமையும் சாமையும்



2016ஆம் ஆண்டின் இறுதியில் கல்லூரி மாணவர் சிலருடன் ஜவ்வாது மலைக்குச் சென்றிருந்தேன். அவ்வாண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து போயிற்று. போளூரில் கோதுமை ரவை உப்புமா உண்டுவிட்டு மலையேறிய நாங்கள், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு களத்தில் நின்றோம். அங்கே சாமை புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் முறத்தை எங்களிடம் காட்டினார். "பாதி பதர்தான் ஐயா, ஆனாலும் விதைக்குத் தேறிவிட்டது" என்றார்.

அப்போது மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "காற்றில் கரியமிலவாயு பெருகிவருகிறது என்கிறார்கள். பயிருக்கு அதுதானே உணவு? வறட்சியால் வரும் நட்டத்தை அது ஈடு செய்துவிடாதா?"

நல்ல வினா. முதலில் கணக்கைப் பார்ப்போம். இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர், காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. 2024இல் அது 424ஐ எட்டிவிட்டது.

இதனால் கோதுமைக்கு ஆதாயம் உண்டு என்பது மெய்யே. இலையின் அடியிலும் மேலும் நுண்ணிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கரியமிலவாயு உள்ளே வரும். நீராவி வெளியே போகும். காற்றில் அவ்வாயு மிகுந்தால், துளைகளைச் சற்றே மூடிக்கொண்டும் கோதுமை தன் உணவைத் தயாரித்துவிடும், நீரும் மிச்சப்படும். 1990களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், திறந்த வயலைச் சுற்றிக் குழாய்கள் நிறுத்தி அவ்வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். விளைச்சல் கூடிற்று. நீர் குறைத்த பாத்திகளில் ஆதாய விகிதம் மேலும் அதிகமாகவே இருந்தது.

ஆனால் மிச்சப்படுத்துவதற்கு மண்ணில் முதலில் ஈரம் வேண்டுமல்லவா? வரவே இல்லாதவன் சிக்கனத்தால் செல்வனாவதில்லை. பூக்கும் தருணத்தில் ஈரம் அற்றுப்போனால் மகரந்தம் கெடும், மணி சுருங்கும். தவிர, துளைகளை மூடிய இலை வியர்க்காத உடலைப்போல் சூடேறும். பயிருக்கு உணவாகும் அதே வாயுதான் பூமியையும் சூடாக்குகிறது. 2022 மார்ச்சில் வட இந்தியாவில் மணி பால்பிடிக்கும் நாளில் கடும் வெப்பம் தாக்கிற்று, கோதுமை இளைத்தது. அவ்வாண்டு மே 13ஆம் நாள் நம் அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது.

இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. சுமார் 550 பங்கு கரியமிலவாயுவில் வளர்ந்த கோதுமையில் துத்தநாகச் சத்து ஏறத்தாழ 9 சதவீதமும், இரும்பு 5 சதவீதமும், புரதம் 6 சதவீதமும் குறைந்தன என்று 2014இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. மூட்டை நிறையலாம், மணியில் சத்து குறையும்.

இனிச் சாமைக்கு வருவோம். சோளம், மக்காச்சோளம்போல் இதுவும் வேறு இனம். கரியமிலவாயுவைத் தன் இலைக்குள்ளேயே திரட்டிச் செறிவாக்கும் அமைப்பு இதற்கு இயல்பாகவே உண்டு. ஆதலால் காற்றில் வாயு மிகுவதால் இதற்குப் பெரிய ஆதாயம் இல்லை. ஆயினும் குறைந்த நீரில் பிழைக்கும் கலையை இது முன்பே கற்றுவிட்டது. அதனால் இதை வெல்லவே முடியாத பயிர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த முறத்தில் பாதி பதர் கிடந்ததை நான் கண்டேன்.

ஆகவே, மாணவ நண்பர்களே, காற்று ஊட்டும், நாம் வாளாவிருக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். புகையைக் குறைக்க வேண்டும். வெப்பம் தாங்கும் கோதுமையைத் தேட வேண்டும். சாமை போன்ற பயிர்களின் விதையை இழக்காதிருக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்களில் சிலர் நாளை அத்தகைய பணிக்குச் செல்லவேண்டும்.

நாங்கள் விடைபெற்றபோது அந்த மூதாட்டி உலைக்கு அரிசி எடுக்கவில்லை. நல்ல மணிகளை முதலில் விதைப்பானையில் இட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தார்.