குழியும் வளையமும்: வட பிரிட்டனின் பாறைச் செதுக்கல்கள்



ஸ்காட்லாந்திலும், அதன் தெற்கெல்லையை அடுத்துள்ள நார்தம்பர்லாந்துச் சீமையிலும், ஆடு மேயும் மேட்டு நிலங்களில் தரையோடு தரையாகக் கிடக்கும் பாறைகளின்மேல், உத்தேசமாக 5000 ஆண்டுகளுக்கு முன், எழுத்தும் உலோகமும் அறியாத மக்கள் வெட்டிவைத்த குழிகளையும் வளையங்களையும் பற்றிச் சில சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கோயிலும் கோபுரமும் சாஸனமும் பார்த்துப் பழகிய நம்மவர்க்கு இது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும்; தோன்றினால் அதில் பிழையில்லை.

பாறையில் குழி என்றவுடன் நமக்கு உரற்குழிதான் நினைவுக்கு வரும். ஆனால் உரற்குழி ஆழமானது, உலக்கை பட்டு வழவழத்தது; நான் சொல்லும் குழியோ பெரும்பாலும் 5, 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு மிகாதது, அதில் நெல்லும் குத்த முடியாது, நீரும் பருக முடியாது. சில பாறைகளில் வெறும் குழிகள் சிதறிக் கிடக்கும். வேறு சிலவற்றில் ஒரு குழியை நடுவாக வைத்து ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு என வளையங்கள் ஒன்றையொன்று சூழ்ந்திருக்க, நடுக்குழியிலிருந்து புறப்பட்ட ஒரு வாய்க்கால் அத்தனை வளையங்களையும் ஊடறுத்துக்கொண்டு பாறையின் சரிவை நோக்கி இறங்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்கைல் பிரதேசத்தில், கில்மார்ட்டின் பள்ளத்தாக்குக்குத் தெற்கே உள்ள அக்னபிரெக் என்னும் இடத்தில், இத்தகைய வளையத் தொகுதிகளுள் சில ஏறக்குறைய 1 மீட்டர் குறுக்களவு உடையன. இவ்வளவு பெரியவையாயினும் உச்சிப்பொழுதில் போய் நின்றால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, அதிலும் பாறை மழையில் நனைந்திருந்தால், வளையம் வளையமாக எல்லாம் எழுந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக அவற்றின்மேல் நடந்துபோன இடையர்களும் உழவர்களும் பெரும்பாலும் அவற்றைக் கவனியாமல் விட்டதற்கு இதுவே காரணமாக இருத்தல் வேண்டும்.

கற்றறிந்தோர் கண்ணில் இவை பட்டது 19-ஆம் நூற்றாண்டில். நார்தம்பர்லாந்திலே ஓல்டு பியூயிக் என்னும் குன்றில் லாங்லாண்ட்ஸ் என்பவர் 1820-களில் இவற்றைக் கண்டார். அது மனிதர் கைவேலைதான் என்று துணிந்து சொல்ல மற்றவர்க்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. கிரீன்வெல் என்ற பாதிரியார் 1852-இல் ரவுட்டிங் லின் என்னும் நீர்வீழ்ச்சிக்கு அருகே புல்லும் மண்ணும் மூடிய பெரும்பாறை ஒன்றில் இவ்வுருவங்களைக் கண்டறிந்த பின்பே ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1865-இல் ஜார்ஜ் டேட் அச்சீமைப் பாறைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து வேறொரு பெரிய நூலை எழுதியவர், குளோரோபாரத்தின் மயக்கும் சக்தியை 1847-இல் கண்டறிந்து பிரசவ வேதனையைத் தணித்த எடின்பரோ வைத்தியர் ஸர் ஜேம்ஸ் யங் ஸிம்ப்ஸனே என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

அந்நூற்றாண்டிலேயே இவ்விஷயம் நம் தேசத்தையும் எட்டியது. வங்காள சிவில் உத்தியோகத்திலிருந்த ரிவெட்-கார்னாக் என்பவர், குமாவூன் மலைநாட்டில் துவாராஹாட்டுக்கு அருகே சந்தேசுவரர் கோயிலை ஒட்டிய பாறையில் இருநூறுக்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டு, அவற்றைப் பிரிட்டிஷ் பாறைகளின் குழிகளோடு ஒப்பிட்டு, 1877-இல் கட்டுரை எழுதினார். ஒப்புமை உண்மைதான். ஆனால் ஒப்புமையைக் கொண்டு ஒரே இனத்தார் இரு நாட்டிலும் குடியேறினர் என்று கோட்டை கட்டுவது எனக்கு உடன்பாடன்று; கல்லைக் கல்லால் ஓரிடத்தில் திரும்பத் திரும்பக் கொத்தினால் எந்த நாட்டிலும் வட்டக்குழிதான் விழும்.

இவை எதற்காக வெட்டப்பட்டன? சூரிய பூஜை என்றார்கள், பலிபீடம் என்றார்கள், நட்சத்திரப் படம், ஊர்ப் படம், பொன் தேடியவர் அடையாளம் என்றெல்லாம் சொன்னார்கள். பல ஆண்டுகளை இப்பாறைகளைப் பட்டியலிடுவதில் செலவிட்ட ரொனால்டு மாரிஸ் என்னும் வழக்கறிஞர், 1979-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கொள்கைகள் 104 என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டுவிட்டார். வழக்கறிஞர் அல்லவா, சாட்சியத்தின் எடை அறிந்தவர்! நம் தர்க்க நூலார் பிரத்தியட்சம் என்றும் அநுமானம் என்றும் பிரமாணங்களை வகுத்து, கண்டதைப் பற்றுக்கோடாகக் கொள்ளாத அநுமானம் நில்லாது என்றார்கள். அவ்வளவுகோலை இங்கே வைத்தால், அந்த 104-இல் பெரும்பாலானவை பாறையைப் பாராமலே பிறந்தவை என்பது விளங்கும். பாறை தானே காட்டுவன இரண்டு: எப்படி வெட்டினார்கள் என்பது ஒன்று; எங்கே வெட்டினார்கள் என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை மண்ணுக்குள் கிடந்தது. கில்மார்ட்டினுக்கு அருகே டோர்ப்லாரன் என்னுமிடத்தில், செதுக்கிய பாறையைச் சுற்றி ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழுவினர் அகழ்ந்தபோது, பாறையை ஒட்டிக் கல்லும் களிமண்ணும் இட்டு அமைத்த ஒரு மேடையும், கொத்திக் கொத்தி முனை மழுங்கிய படிகக்கல் சுத்தியல்களும் கிடைத்தன. வெட்டியவர்கள் வெற்றுப் பரப்பைத் தேடவும் இல்லை. பாறையில் இயல்பாக ஓடும் வெடிப்பை எல்லையாகக் கொண்டு இப்பக்கம் ஒரு தொகுதி, அப்பக்கம் ஒரு தொகுதி என அமைத்ததும், இயற்கைக் குழியைத் தங்கள் குழியோடு சேர்த்துக்கொண்டதும் பல பாறைகளில் பிரத்தியட்சம்.

இரண்டாவதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் ரீடிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த ரிச்சர்டு பிராட்லி. உருவத்தை விட்டுவிட்டு, பாறையின்மேல் நின்று சுற்றிலும் எதுவரை பார்வை செல்கிறது என்று கணக்கெடுத்த அவர், செதுக்கப்படாத பாறைகளைக் காட்டிலும் செதுக்கிய பாறைகளிலிருந்து விரிந்த காட்சி கிடைப்பதையும், சிக்கலான உருவங்கள் விளைநிலத்தைவிட்டு மேட்டுக்கு ஏறும் வழிகளில் மிகுவதையும் கண்டு, வந்துபோகும் வேற்றூர் மக்களும் பார்க்கும்படி நிலத்தின்மேல் இட்ட குறிகள் இவை என்ற அபிப்பிராயத்தை 1997-இல் நூலாக வெளியிட்டார். இதுவும் அநுமானமே, ஆயினும் கையில் அளவுகோலோடு பாறைதோறும் நடந்தவரின் அநுமானம்.

வெட்டியதோடு பாறையின் சரித்திரம் முடிந்துவிடவில்லை. பிற்காலத்து வெண்கல யுகத்தார் இப்பாறைகளை உடைத்தெடுத்து, செதுக்கிய பலகைகளைப் பிரேதக் கல்லறைகளுக்குள் வைத்தார்கள். எல்லாவற்றினும் விசித்திரமானது கிளாஸ்கோவை அடுத்த கிளைடுபாங்கில் உள்ள காக்னோ பாறையின் கதை. ஏறக்குறைய 13 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட அப்பாறையை 1887-இல் ஜேம்ஸ் ஹார்வி என்ற பாதிரியார் வெளிப்படுத்தினார். லுடோவிக் மான் என்பவர் 1937-இல், இது கிரகணக் கணக்கு என்னும் தம் சித்தாந்தத்தை நிலைநாட்டக் குழிகளுக்கும் வளையங்களுக்கும் பல வண்ணச் சாயம் பூசி, மேலே கட்டங்களும் வரைந்துவிட்டார். வீட்டு மனைகள் நெருங்கி வந்தபோது அக்கம்பக்கத்தார் ஏறி நடந்தார்கள், தங்கள் பெயர்களைக் கீறினார்கள். கடைசியில் 1965-இல் அதிகாரிகள் அதைப் பாதுகாக்க மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து கென்னி பிரோஃபி 2015-இல் ஒரு பகுதியும் 2016-இல் முழுவதும் தோண்டி, பாறையை அணு அணுவாக டிஜிட்டல் முறையில் பதிவு செய்து, மறுபடியும் மூடினார். அவர் பதிந்தவற்றில் பழங்குழிகளோடு மானின் சாயமும், சிறுவர்கள் கீறிய பெயர்களும் அடங்கும். அவற்றையும் அப்பாறையின் சரித்திரமாகவே அவர் கருதினார்.

அப்பாறையை மீண்டும் திறந்துவைக்க வேண்டும் என்று கேட்போர் அங்கே பலர் உளர். அவர்கள் ஆசை நியாயமானதே. ஊரார் சொத்தை ஊராரே காணாதிருப்பது வருத்தந்தான். எனினும் மழையும் பனியும் காலணியும் படும் பாறை நாளுக்கு நாள் தேய்வது திண்ணம். எடுத்துவைத்த பதிவைக் கொண்டு உண்மை அளவிலேயே ஒரு பிரதி செய்து, அதன்மேல் குழந்தைகள் ஏறி விளையாட விட்டு, மூலத்தை மண்ணுக்கடியிலேயே வைத்திருப்பதுதான் தக்கது என்பது என் கட்சி. சபையில் மாற்றுக் கருத்து உடையவர்கள் இருந்தால், தலைவர் அனுமதிக்கும் நேரத்தில் கேட்கச் சித்தமாயிருக்கிறேன்.