இரண்டு மனுக்கள், ஒரே கேள்வி

சிறு நகராட்சி மன்றங்களின் முன் இருவகை மனுக்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, குடியிருப்புப் பகுதியிலுள்ள வீட்டைக் கடையாகவோ திருமண மண்டபமாகவோ மாற்ற இசைவு கோருவது. மற்றொன்று, தெருவில் வண்டிகள் தாறுமாறாக நிற்பதால் நடக்க வழியில்லை என முறையிடுவது. முன்னதற்கு ஆராயாமல் அளிக்கும் இசைவே பின்னதாகத் திரும்பி வருகிறது.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களில் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதலும் வாகன நிறுத்துமிடங்களும் இடம்பெற்றுள்ளன. எனினும் அவ்வதிகாரங்களை வழங்குவது மாநிலச் சட்டமன்றங்களைப் பொறுத்தது. நிலப் பயன்பாட்டு மாற்றத்தை மாநில நகரமைப்புத் துறை முடிவு செய்யும் இடங்களில், விளைவைச் சுமப்பது மட்டுமே மன்றத்தின் பங்காகிறது.

ஆகவே, மன்றம் தன் கருத்தைத் தெரிவிக்கும்போதே, வரவிருக்கும் வண்டிகள் எங்கே நிற்கும் என்று கேட்க வேண்டும். நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பை உணர்த்த வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. தெருவும் நிலமே, அதன் முதல் உரிமை நடந்து செல்வோருக்கு உரியது. அதைக் காப்பது மன்றத்தின் கடமை.