பெங்களூருவின் தொகுதிகள்: எண்ணிக்கையும் எல்லைக்கோடும்

(2025 டிசம்பரில் பெங்களூருவில் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொகுதி மறுவரையறை என்றதும் தென்மாநிலங்கள் எத்தனை இடங்களை இழக்கும் என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. நியாயமான கேள்விதான். எனினும் மறுவரையறை என்பது இரு வேலைகளைக் கொண்டது. மாநிலங்களுக்கு இடையே இடங்களைப் பங்கிடுவது ஒன்று. மாநிலத்துக்குள் கோடு கிழிப்பது மற்றொன்று. முதல் வேலை 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நின்றுபோனது. இரண்டாவது நிற்கவில்லை. அது என்ன செய்யும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி.

முதல் பொதுத்தேர்தலில் பழைய மைசூர் மாநிலத்துக்கு 11 மக்களவை இடங்கள் இருந்தன. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபின் 1957 தேர்தலில் அது 26 ஆயிற்று. 1967இல் 27, 1977இல் 28. அதன்பின் ஓர் இடம்கூடக் கூடவில்லை. அவசரநிலைக் காலத்து 42ஆவது திருத்தம் எண்ணிக்கையை உறையவைத்தது. அத்திருத்தத்தின் பல பகுதிகளை மாற்றிய ஜனதா ஆட்சியும் இதைத் தொடவில்லை. 84ஆவது திருத்தம் இந்த உறைநிலையை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

ஆனால் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கெடுப்பின்படி உள் எல்லைகளை மாற்றி வரைந்தது. 2008 மே மாதம் அந்தப் புதிய எல்லைகளின்படி நாட்டிலேயே முதலாவதாகச் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த மாநிலம் கர்நாடகமே. பெருத்துவிட்ட பெங்களூருவுக்கு மக்களவையில் இன்னோர் இடம் தேவைப்பட்டது. மொத்தமோ 28ஐத் தாண்டக் கூடாது. எங்கிருந்து எடுப்பது? கனகபுரா பெங்களூரு ஊரகமாயிற்று. மங்களூரு தட்சிண கன்னடா ஆயிற்று. தார்வாட் வடக்கும் தெற்கும் தார்வாட், ஹாவேரி எனப் பெயர் பெற்றன. இவற்றில் எண்ணிக்கை மாறவில்லை. உடுப்பியும் சிக்மகளூருவும் மட்டும் ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டன. பெங்களூரு மத்திய தொகுதி பிறந்தது அந்த இடத்தைக் கொண்டுதான். 1978 இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை நாடாளுமன்றத்துக்குத் திருப்பியனுப்பிய சிக்மகளூரு இவ்வாறு தன் தனி இருப்பை இழந்தது. மலைநாட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளிக்கும் உடுப்பிக் கடற்கரை மீனவருக்கும் இப்போது ஒரே உறுப்பினர்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழும். மக்கள் பெருகிய இடத்துக்குத் தொகுதி போவது மாநிலத்துக்குள் நியாயம் என்றால், நாட்டளவில் மட்டும் அது எப்படி அநியாயமாகும்? நழுவக்கூடாத கேள்வி இது. மலைநாட்டிலிருந்து பெங்களூருவுக்கு வந்த இடம் அதே மாநில அரசின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மாநிலங்களோ கூட்டாட்சியின் உறுப்புகள். குடும்பநலக் கொள்கையை ஏற்று நிறைவேற்றியதற்குத் தண்டனையாக ஒரு மாநிலத்தின் குரல் குறைக்கப்படுவது கூட்டாட்சிக்கே ஊறு. 2025 மார்ச் 22 சென்னைக் கூட்டம் 1971 அடிப்படையை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியது இதனால்தான். ஆயினும் அக்கோரிக்கை வென்றாலும் உள்கோட்டுச் சிக்கல் அப்படியே இருக்கும்.

அக்கோட்டை இந்நகரில் பின்தொடர்ந்து பார்க்கலாம். நகரின் 28 சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. எலகங்கா சிக்கபள்ளாப்பூரோடு போயிற்று. ஆனேக்கல், ராஜராஜேஸ்வரி நகர், பெங்களூரு தெற்குச் சட்டமன்றத் தொகுதி மூன்றும் தும்கூரு மாவட்டத்துக் குனிகலோடு பெங்களூரு ஊரகத்தில் உள்ளன. பீன்யா ஆலைகள் பெங்களூரு வடக்கில். மகாதேவபுராவின் மென்பொருள் வளாகங்கள் மத்தியில். பொம்மசந்திரா, ஜிகணி ஆலைகள் ஊரகத்தில். பொம்மசந்திராவில் எந்திரம் ஓட்டிப் பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் தொழிலாளி வாக்களிப்பது பெங்களூரு தெற்கில். இது சதி என்று சொல்வதற்கில்லை. ஆனால் உழைப்பவர் ஓரிடத்தில் திரண்ட எண்ணிக்கையாகத் தெரியாமல் போவதே விளைவு.

அந்தக் கோடும் பழசாகிவிட்டது. பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 65 லட்சம். 2011இல் 96 லட்சம். 2024இல் பெங்களூரு வடக்கின் வாக்காளர்கள் 32 லட்சத்தைத் தாண்டினர்; உடுப்பி–சிக்மகளூருவில் 16 லட்சம்கூட இல்லை. ஒரே மாநிலத்தில் ஒரு வாக்கின் மதிப்பு மற்றொன்றில் பாதி.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றப் பெரும்பான்மைக் கட்சியே கோட்டை வரைகிறது. டெக்சாஸ் 2025இல் புதிய கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல் வரைந்துகொண்டது. இங்கே ஆணையம் இருப்பது மேல்தான். ஆனால் 2002 சட்டப்படி அதில் மாநிலத்துக்கு ஐந்து நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவையில் இடமில்லாத கட்சிக்கு அந்த வாயிலும் இல்லை. அரசமைப்பின் 329ஆவது உறுப்பு நீதிமன்றக் கதவையும் ஏறக்குறைய அடைத்துவிடுகிறது.

கோடு வரைவதே தேர்தலைத் தள்ளிப்போடும் சாக்காவதும் உண்டு. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 198 வார்டுகள் 243 ஆயின, பிறகு 225 ஆயின. 2025இல் மாநகராட்சியே ஐந்தாயிற்று. இன்றுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தமும் கணக்கெடுப்பு, மறுவரையறை என்ற இரு பூட்டுகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆணையம் அமைந்தபின் வரைவு வெளியாகும், ஆட்சேபங்கள் கேட்கப்படும், அதற்குத் தரப்படும் நாட்கள் சிலவே. பீன்யா, ஆனேக்கல், பொம்மனஹள்ளிக் கிளைகள் தொழிலாளர் குடியிருப்புகளை வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்கும் பணியை அதுவரை தள்ளிவைக்க முடியாது.